குறுக்குச் சட்டம் எந்தப் பக்கம்?

வேலி வேலையில் புதிதாக இறங்கியிருக்கும் தம்பிகள் அடிக்கடி எனக்குப் போன் செய்கிறீர்கள். "மேஸ்திரி, கடலோரத்து வீடு, எந்த மரம் போடலாம்?" என்று கேட்கிறீர்கள். ஒரே மூச்சில் பதில் சொல்லிவிடலாம். எண்ணூர்ப் பக்கத்து உப்புக் காற்றில் இரும்பு அப்பளம் மாதிரி உதிரும். ஊன்றுவதற்கு வைரம் பாய்ந்த பனங்கட்டை, பலகைக்கு நன்றாகக் காய்ந்த மரம், மண்ணுக்குள் போகிற பாகத்துக்குத் தார். முடிந்தது கதை. ஆனால் நான் ஒரே மூச்சில் சொன்னால் நீங்களும் ஒரே மூச்சில் போனை வைத்துவிடுவீர்கள். அதன் பிறகு என்னைக் கூப்பிட மிச்சமிருப்பவள், லோன் வேண்டுமா என்று கேட்கிற ஒரு பெண்தான். அவளும் இப்போதெல்லாம் என் குரலைக் கேட்டதும் வைத்துவிடுகிறாள். ஒருமுறை அவளிடம் சவுக்குக் கட்டைக்கும் பனங்கட்டைக்கும் உள்ள வித்தியாசத்தை விளக்கப் போனது என் தப்பு.

அதனால் மரத்தைப் பற்றிக் கேட்டால் நான் மனுஷனைப் பற்றி ஆரம்பிப்பேன். பொறுத்துக்கொள்ளுங்கள். முட்டி தேய்ந்து வேலையை விட்டவனுக்கு வாய் மட்டும் தேயவில்லை.

நம் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு, உங்களுக்கும் முதல் நாளே சொல்லியிருப்பார்கள். ஊன்றிய கட்டைகளுக்குக் குறுக்கே போகிற சட்டங்கள் வீட்டுப் பக்கம் இருக்கவேண்டும். பலகையின் வழவழப்பான முகம் ரோட்டைப் பார்க்கவேண்டும். ரோட்டிலிருந்து பார்க்க அழகு என்பது ஒரு காரணம். திருடன் கால் வைத்து ஏற ஒன்றும் கிடைக்காது என்பது உண்மையான காரணம். திருவொற்றியூரிலிருந்து எண்ணூர் வரைக்கும் நான் போட்ட வேலிகள் எல்லாமே அப்படித்தான். ஒன்றைத் தவிர. அந்த ஒன்றைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன்.

எர்ணாவூர்ப் பக்கம், கண்டெய்னர் லாரிகள் போகிற கடலோர ரோட்டை ஒட்டி ஒரு ஓட்டு வீடு, மற்ற மூன்று பக்கமும் மதில். அதன் சொந்தக்காரர் பெயர் மாசிலாமணி. துறைமுகத்தில் சிக்னல் காட்டுகிறவராக இருந்து ஓய்வு பெற்றவர். கப்பலின் மேல்தளத்தில் ஓரமாக நின்றுகொண்டு, கீழே இருப்பது கண்ணுக்குத் தெரியாத கிரேன் டிரைவருக்குக் கையாலேயே "தூக்கு, இறக்கு, நிறுத்து" என்று சொல்கிற வேலை. அவர் கை தப்பினால் கீழே இருக்கிறவன் தலை தப்பாது. மனைவி இறந்துவிட்டார். ஒரே மகள் செல்வி, பெங்களூரில் ஒரு கம்பெனியில் வேலை. அவள்தான் என்னைப் போனில் பிடித்தாள்.

"மேஸ்திரிண்ணா, ரோட்டுப் பக்கம் ஆள் உயரத்துக்கு மேல வேலி வேணும். பலகைக்கு நடுவுல சந்தே இருக்கக்கூடாது. கேட்டுக்கு வெளிப்பக்கம் தாப்பா."

"வெளிப்பக்கமா? உள்ளேர்ந்து எப்டிம்மா தொறப்பாங்க?"

"தொறக்கக்கூடாதுன்னுதான்."

நான் பொதுவாக இந்த இடத்தில் ஒரு ஜோக் அடிப்பேன். அன்றைக்கு வாயில் வந்ததை முழுங்கிவிட்டேன், அந்தப் பெண்ணின் குரல் அப்படி இருந்தது. மாசிலாமணிக்கு நினைவு கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றுகொண்டிருக்கிறது என்று சொன்னாள். பக்கத்துத் தொழிற்சாலையில் ஷிப்ட் சங்கு ஊதியதும் எழுந்து ரோட்டுக்குப் போய்விடுகிறார். நடு ரோட்டில் நின்றுகொண்டு டிரெய்லர்களுக்குச் சிக்னல் காட்டுகிறார். போன மாதம் ஒரு டிரெய்லர் பிரேக் அடித்து, டயர் கருகிய நாற்றம் வீட்டுக்குள் வரைக்கும் வந்ததாம்.

"உன்கூட இட்டுக்கினு போவக்கூடாதாம்மா?" என்று கேட்டேன்.

"இட்னு போனேண்ணா. அபார்ட்மெண்ட்ல லிப்ட்டுக்கு எதுர நின்னுகினு மேல போ, கீழ வான்னு நாள் பூரா சிக்னல். யாரையும் ஏற வுடல. செக்யூரிட்டி வந்து கம்ப்ளெய்ண்ட். 'என் ஊர்ல கொண்டுபோய் வுடு'ன்னு அழுதாரு." அப்புறம் சொன்னாள். "அவரு அந்த ரோட்டுல அடிபட்டா, எனக்கு வேற யாருண்ணா?"

இதற்குமேல் மரத்தைப் பற்றி என்ன பேசுவது? போய்ப் பார்த்தேன்.

நானும் என் கூட்டாளி தாசும் போய் இறங்கியபோது மாசிலாமணி ரோட்டில்தான் இருந்தார். சலவைச் சட்டை, பட்டனெல்லாம் சரியாகப் போட்டு, டியூட்டிக்கு வந்த மாதிரி. ஒரு டிரெய்லர் டிரைவர் தலையை வெளியே நீட்டிக் கத்தினான்.

"யோவ் பெர்சு! வூட்ல சொல்ட்டு வந்தியா?"

மெட்ராஸில் எல்லா டிரைவரும் எல்லாரையும் கேட்கிற கேள்விதான். யாரும் பதில் சொல்வதில்லை. மாசிலாமணி சொன்னார்.

"வூட்ல யாரு கீறா சொல்றதுக்கு?"

திட்டுவதற்காக இல்லை, நிஜமாகவே விவரம் சொல்கிற குரலில். டிரைவர் ஒரு நிமிஷம் முழித்தான். பிறகு வண்டியை ஓரமாக ஒடித்துக்கொண்டு போய்விட்டான்.

பக்கத்து வீட்டு மேரியக்கா ஓடிவந்து அவரைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார். சந்துப் பக்கம் வாசலில் இட்லிக் கடை போட்டிருக்கிறவர். அவர்தான் மூன்று வேளையும் சாப்பாடு கொடுக்கிறார். "இட்லி ஊத்துவனா, இவர இழுத்துக்கினு வருவனா? கொப்பற காஞ்சி கருகிப்போவுது மேஸ்திரி. சீக்கிரம் போட்டு வுடு, புண்ணியமாப் போவும்."

மாசிலாமணி என்னை மேலும் கீழும் பார்த்தார். "இன்னா வேல?"

"வேலி அண்ணாத்தே."

"எதுக்கு?"

"மாடு உள்ள வருதாம்."

"இந்த ரோட்ல மாடு ஏது? மாடே பயந்துகினு அந்தாண்ட போயிட்ச்சி." சிரித்தார். "சரி போடு. சிக்னல் நான் காட்றேன்."

பொய் சொல்வதில் நான் கெட்டிக்காரன் என்று எனக்கு ஒரு நினைப்பு இருந்தது. அது அன்றோடு போயிற்று.

கட்டைகளை ஊன்றினோம். அவர் நின்று சிக்னல் காட்டினார். நிஜமாகவே உதவியாக இருந்தது, கட்டை சாய்ந்தால் முதலில் அவர் கைதான் திரும்பியது. பிறகு குறுக்குச் சட்டங்களை அடித்தோம். கீழே ஒன்று, நடுவில் ஒன்று, மேலே ஒன்று. வழக்கப்படி, வீட்டுப் பக்கம். என் கை தானாக அப்படித்தான் போகும். தூக்கத்தில் எழுப்பி ஆணி கொடுத்தாலும் வீட்டுப் பக்கம்தான் அடிப்பேன். பலகை அடிக்கிறதுக்கு முன்னால் டீ குடித்துவிட்டு வரலாம் என்று தாஸ் சொன்னான். மேரியக்கா கடை வரைக்கும்தான் போனோம். கிளாஸை வாயில் வைத்தேன். சங்கு ஊதியது.

திரும்பிப் பார்த்தால் மாசிலாமணி வேலி மேல் நிற்கிறார்.

மூன்று குறுக்குச் சட்டம் இருந்தால் அது ஏணி. வாழ்நாள் முழுக்கக் கப்பல் ஏணியில் ஏறி இறங்கிய மனுஷனுக்கு அது ஒரு விஷயமே இல்லை. எழுபதைத் தாண்டிய ஆள், மேல் சட்டத்தில் இரண்டு காலையும் வைத்து, கட்டையின் தலையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையை வானத்தில் நீட்டியிருக்கிறார். கடல் காற்று வேட்டியைப் பாய் மாதிரி உப்ப வைக்கிறது. அந்தப் பக்கம் விழுந்தால் ரோடு. ரோட்டில் டிரெய்லர்கள் வரிசையாக வந்துகொண்டிருக்கின்றன. கட்டைக்கு அடியில் மண்கூட இன்னும் இறுகவில்லை. எனக்குத் தெரியும், ஊன்றினவன் நான்.

தம்பிகளா, இந்த மாதிரி நேரத்தில் மனுஷன் செய்கிற முதல் காரியம் கத்துவது. இரண்டாவது காரியம் ஓடிப்போய்க் காலைப் பிடிப்பது. தாஸ் இரண்டையும் ஒன்றாகச் செய்யப் பார்த்தான். நான் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தேன். கத்தினால் அவர் திரும்புவார். திரும்பினால் கட்டையிலிருந்து கை எடுப்பார். காலைப் பிடித்தால் உதறுவார். வேறு என்ன செய்வது என்று எனக்கும் தெரியவில்லை. அறிவாளி மாதிரி அப்போது யோசித்தேன் என்று நினைக்காதீர்கள். டீ கிளாஸை எங்கே வைப்பது என்றுதான் யோசித்தேன்.

நடந்துபோய் வீட்டுப் பக்கத்தில் அவர் கண்ணில் படுகிற இடத்தில் நின்றேன். அவர் பார்க்கும்வரை நின்றேன். பார்த்தார். நான் கையை உயர்த்தி, அவர் செய்கிற மாதிரியே ஏதோ ஒன்று காட்டினேன். இறக்கு என்று நினைத்துக்கொண்டு.

மேலேயிருந்து அதட்டல் வந்தது. "யோவ்! அது தூக்கறதுக்குயா! இன்னும் எங்க தூக்கச் சொல்ற என்னிய? ஆகாசத்துக்கா?"

"அப்ப எறக்கறதுக்கு எப்டி அண்ணாத்தே?"

"உள்ளங்கை கீழ. வெரல ஒட்டு. மெதுவா அமுக்கு. அவசரப்படாத, சாமான் ஒடஞ்சிடும்."

உள்ளங்கையைக் கீழே வைத்தேன். விரலை ஒட்டினேன். மெதுவாக அமுக்கினேன்.

அவர் முகம் மாறியது. என் கையையே பார்த்துக்கொண்டு, ஒரு காலை நடுச் சட்டத்துக்கு இறக்கினார். நான் கையை இன்னும் கொஞ்சம் அமுக்கினேன். அடுத்த கால். நான் நிறுத்தினால் நின்றார். அமுக்கினால் இறங்கினார். அந்தப் பக்கம் டிரெய்லர் போனபோது கட்டை ஆடியது, என் கையும் ஆடியது. "கைய ஆட்டாத!" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். கடைசியில் அவர் பாதம் மணலில் பட்டதும்தான் நான் மூச்சு விட்டேன். டீ என் வேட்டியில் முழுக்கக் கொட்டியிருந்தது. சூடு அப்போதுதான் தெரிந்தது.

"சுமார்தான்," என்றார் மாசிலாமணி என் தோளைத் தட்டி. "பழகுனா வந்துடும்."

அவர் உள்ளே போன பிறகு நானும் தாசும் மணலில் உட்கார்ந்தோம்.

"இன்னா பண்றது மாமு?" என்றான் தாஸ்.

"சட்டத்த எல்லாம் பேத்து வெளிப்பக்கம் அடி."

"பைத்தியமா உனுக்கு? திருடன் ஏறி வருவான்."

"வந்து இன்னாத்த எடுப்பான்? அவர இட்டுக்கினு போனா செல்வியாண்ட பேசி நானே துட்டு வாங்கித் தர்றேன்."

வழவழப்பான முகம் உள்ளே. அவருக்கு ஏறக் கால் கிடைக்காது. அது சரி. ஆனால் அதோடு விஷயம் முடியவில்லை. சந்தே இல்லாத பலகைச் சுவர், வெளியே தாப்பா. அதற்குள் ஒரு மனுஷன், ரோட்டுச் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டு. அவருக்கு நினைவு தப்பாமல் மிச்சமிருப்பது அந்தக் கை ஒன்றுதான். அதைக் காட்ட ஆள் வேண்டும். ரோடு அவரைக் கொன்றுவிடும், அதில் சந்தேகமில்லை. ரோடு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதும் எனக்குத் தெரியும். அது எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். மாடியில் ஒற்றை அறையில் வாடகைக்கு இருக்கிறவன் நான், சாயங்காலத்தில் டி.வி. செய்தி வாசிக்கிறவனுக்கு வணக்கம் சொல்கிற பழக்கம் உள்ளவன்.

செல்விக்குப் போன் போட்டேன். ஏறினதைச் சொன்னேன்.

"அதான் சொன்னேனே, சந்தில்லாம மூடிடுங்கண்ணா."

"கை போற அளவு சந்து வுடணும்மா. கை மட்டும். தலை போவாது."

"ரோட்டப் பாத்தா இன்னும் போணும்னுதான் தோணும் அவருக்கு."

"பாக்கலேன்னா ஏற வழி தேடுவாரு. இல்ல, தேடறதையும் வுட்டுட்டு உக்காந்துடுவாரு. ரெண்டாவது இன்னும் பேஜாரு."

"உங்க அப்பாவா இருந்தா இப்டி சந்து வுடுவீங்களா?"

"எங்கப்பாவா இருந்தா வேலிப் பலகைய அவரே கழட்டி வித்துட்டு இருப்பாரும்மா."

சிரித்தாளா அழுதாளா தெரியவில்லை, மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. நான் மீதியையும் சொன்னேன். ரோட்டுப் பக்கம் கேட்டே வேண்டாம். வெளியே தாப்பா போட்டுப் பூட்டினால், உள்ளே அடுப்பு பற்றிக்கொண்டால் யார் திறப்பது? அதற்குப் பதில், பக்கவாட்டில் மேரியக்கா வாசலுக்குள் ஒரு சின்னக் கதவு. பூட்டு கிடையாது. அந்த இட்லிக் கொப்பரையைத் தாண்டாமல் அவர் வெளியே போக முடியாது. மேரியக்கா கண்ணில் மண்ணைத் தூவிவிட்டுப் போகிற ஆள் எர்ணாவூரில் இன்னும் பிறக்கவில்லை.

"அவருக்கு எதுனா ஆச்சுன்னா நீங்கதாண்ணா பதில்," என்றாள்.

"சரிம்மா," என்றேன். வேலி வேலையில் இத்தனை வருஷத்தில் இதைவிடக் கனமான ஒரு சாமானை நான் தூக்கியதில்லை.

இன்னொன்றும் செய்தேன், அவளிடம் கேட்காமல். அந்த வேலியை ஒட்டியேதான் பஸ் நிறுத்தம். கம்பம் மட்டும் உண்டு, நிழலும் கிடையாது, உட்கார இடமும் கிடையாது. வெளிப்பக்கம் வருகிற கீழ்ச் சட்டத்தின்மேல் அகலமான ஒரு பலகையைப் படுக்க வைத்து, அடியில் முட்டுக் கொடுத்துவிட்டேன். உட்காரலாம். தாஸ் கேட்டான், "இது யாருக்கு?" "எவனாச்சும் உக்காருவான்," என்றேன். அவர் ரோட்டுக்குப் போகக்கூடாது என்றால், ரோடு கொஞ்சம் அவரிடம் வரட்டுமே.

வந்தது. அன்று சாயங்காலமே வந்தது. ஷிப்ட் முடிந்து வந்த பெண்கள் நாலைந்து பேர் பலகையைச் சந்தேகமாகப் பார்த்து, கையால் தட்டிப் பார்த்து, உட்கார்ந்தார்கள். வேலிச் சந்தில் ஒரு கை நீண்டது. ஒருத்தி அலறினாள். "பயப்படாத, பஸ்ஸுக்கு சிக்னல் போட்றேன்," என்றது உள்ளேயிருந்து குரல். பஸ் வழக்கமாக நிற்கிற இடத்தில் வழக்கம்போல நின்றது. "தோ பார், நான் சொன்னா நிக்கும்," என்றது குரல். அந்தப் பெண்கள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, தாஸ் சுத்தியலைத் தவறவிட்டான்.

அது நான் போட்ட கடைசி வேலிகளில் ஒன்று. அதற்குப் பிறகு முட்டி ஒத்துழைக்கவில்லை. வீட்டில் உட்கார்ந்தேன். உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், அது வேலி போடுவதைவிடக் கஷ்டமான வேலை. ஒரு நாள், ஆணி துருப்பிடித்திருக்கிறதா பார்த்துவிட்டு வரலாம் என்று எனக்கு நானே ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டு பஸ் ஏறிப் போனேன்.

பலகையில் எனக்கு இடமில்லை. நிறைய பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி சந்து வழியாக முறுக்கு கொடுத்துக்கொண்டிருந்தாள். இன்னொருத்தி தன் மாமியாரைப் பற்றிப் பலகையிடம் புகார் சொல்லிக்கொண்டிருந்தாள், பலகை "அப்டியா? அப்பால?" என்று கேட்டுக்கொண்டிருந்தது. நான் கிட்டே போய் ஆணியைத் தடவிப் பார்த்தேன்.

"தாத்தா, காத்த மறைக்காத, தள்ளி நில்லு," என்றாள் முறுக்குக்காரி.

தள்ளி நின்றேன். நான் போட்ட வேலி, நான் போட்ட பலகை. பஸ் வந்தது, எல்லாரும் ஏறிப் போனார்கள். ரோடு கொஞ்ச நேரம் காலியாக இருந்தது. நான் உட்கார்ந்தேன்.

"யாரு?" என்றது உள்ளேயிருந்து.

"மேஸ்திரி அண்ணாத்தே. வேலி போட்டவன்."

அவருக்கு என்னை நினைவில்லை. சந்தில் ஒரு கண் வந்து என்னைப் பார்த்தது.

"நீதான் போட்டியா? ஷோக்கா கீது. ஆனா ஒண்ணு கேக்கறேன், கோச்சிக்காத."

"கேளு அண்ணாத்தே."

"அந்தாண்ட இருக்கறவனுக்கெல்லாம் உக்கார பலகை போட்டுகீற. எனுக்கு ஏன் போடல? காலைலேர்ந்து நின்னுகினே கீறேன்."

எழுந்து சந்து வழியாக எட்டிப் பார்த்தேன். உள்ளே வேலிக்கு ஓரமாக ஒன்றும் இல்லை. வெறும் மணல். அதில் ஒரே இடத்தில் நின்று நின்று இரண்டு பாதத்துக்கும் பள்ளம் விழுந்திருந்தது. மேரியக்காவிடம் போய்க் கேட்டேன். "நாற்காலி போட்டா ஏறிடுவாருன்னு எல்லாத்தையும் உள்ள வெச்சிப் பூட்டச் சொல்ட்ச்சி அந்தப் பொண்ணு. நான் இன்னா பண்ண?" என்றார். செல்வி பயந்ததிலும் தப்பில்லை. ஏறின ஆள்தானே.

இதுதான் தம்பிகளா நான் சொல்ல வந்தது. சட்டத்தை எந்தப் பக்கம் அடிப்பது என்று யோசித்தேன், சந்து எவ்வளவு என்று யோசித்தேன், ரோட்டில் போகிறவன் கால் வலியைக்கூட யோசித்தேன். சாமானைக் கட்டிக்கொண்டு கிளம்புவதற்கு முன்னால், உள்ளே போய், அவர் நிற்கப்போகிற இடத்தில் ஒரு நிமிஷம் நின்று பார்க்கவில்லை. வேலை முடிந்ததும் இரண்டு பக்கமும் நின்று பாருங்கள். வேறு புத்திமதி ஒன்றும் என்னிடம் இல்லை.

மறுநாள் தாசிடம் ஒரு பனங்கட்டைத் துண்டை வாங்கிக்கொண்டு போனேன். முட்டியைத் திட்டிக்கொண்டே மணலைத் தோண்டி, வேலியை ஒட்டி உள்பக்கமாக அதைப் பாதிக்கு மேல் புதைத்தேன். குந்தி உட்காருகிற உயரம்தான். அதன்மேல் ஏறி நின்றாலும் வேலியைத் தாண்டிக் கால் போட முடியாது, நானே ஏறிப் பார்த்துக்கொண்டேன். மாசிலாமணி பக்கத்தில் நின்று சிக்னல் காட்டினார். இறக்கு, இன்னும் இறக்கு, போதும்.

அவர் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டார். நான் மேரியக்கா வாசல் வழியாகச் சுற்றிக்கொண்டு வெளியே வந்து, என் பலகையில் உட்கார்ந்தேன். பஸ் ஒன்று வந்தது, நான் ஏறவில்லை. பேசவும் ஒன்றும் தோன்றவில்லை, எனக்கே ஆச்சரியமாக இருந்தது. முதுகை வேலியில் சாய்த்தேன். பலகை லேசாக உள்ளே போய், திரும்ப என் முதுகைத் தள்ளியது. அந்தப் பக்கம் அவரும் சாய்ந்திருந்தார்.